வெளிநாட்டுக் கொள்கையை அடுப்படியில் வைத்து வாசிப்பது எப்படி

மட்டக்களப்பு மாவட்டத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சின்னதாக ஒரு கொமியூனிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், படிவம் நிரப்புதல், பரீட்சைப் பெறுபேறு எடுத்துக் கொடுத்தல் இவைதான் என் வேலை. போன கிழமை ஒரு அக்கா மகளின் குவைத் விசாவைக் கொப்பி எடுக்க வந்தார். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் கட்டிய தேர்தல் வாகனம் ஒன்று ரோட்டால் போனது. ‘புதிய வெளிநாட்டுக் கொள்கை’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அக்கா சலித்துக்கொண்டார்: “இதெல்லாம் நமக்கு எதுக்குகா புள்ள? கொழும்புக்காரங்கட கதை.”

அவர் கொண்டு வந்த தாளில் மகளின் படம் இருந்தது. குவைத் முத்திரையும் இரண்டு வருட ஒப்பந்தமும் இருந்தன. கொப்பி எடுத்து முடித்ததும் அந்தத் தாளையே மேசையில் விரித்து வைத்து, “அக்கா, இதுதான் வெளிநாட்டுக் கொள்கை” என்றேன். அரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தோம். அன்று கதைத்ததையும், இந்த ஒரு மாதமாக எங்கள் மாதர் சங்கத்தில் எட்டுப் பேர் சேர்ந்து செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். இதை எழுதுவது 2024இல், செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் வாக்களிப்பு. அதற்கு முன் ஒரு பின்னேரம் ஒதுக்கினால் போதும்.

எனக்கு ஒரு வேட்பாளர் மேல் நம்பிக்கை இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை, யார் என்றும் ஏன் என்றும் பின்னால் சொல்கிறேன். ஆனால் இந்த முறையில் நீங்கள் எந்த வேட்பாளரின் விஞ்ஞாபனத்தையும் வாசிக்கலாம்.

முதலில் வீட்டுக் கணக்கு

விஞ்ஞாபனத்தைக் கையில் எடுக்க முதல் ஒரு பழைய கொப்பியை எடுங்கள். உங்கள் வீட்டுக்கு வெளிநாட்டோடு என்னென்ன கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று எழுதுங்கள். யார் எந்த நாட்டில் இருக்கிறார், காசு எந்த வழியால் வருகிறது, வயலுக்கு எறியும் பசளை எங்கிருந்து வருகிறது, நீங்கள் தினமும் கடக்கும் பாலத்தை யார் கட்டித் தந்தார்கள், வீட்டில் யாராவது கார்மென்ட்ஸுக்குப் போகிறாரா? எல்லாம் எழுதுங்கள்.

எங்கள் வீட்டுப் பக்கம் இப்படி இருந்தது. அம்மா, குவைத், 1988 முதல் 1990 வரை. தங்கச்சி, கட்டார், இப்போதும் அங்கேதான். மச்சான், சுவிஸ். அண்ணன் மகள், கார்மென்ட்ஸ். தைக்கிற உடுப்பெல்லாம் ஐரோப்பாவுக்குப் போகிறது. அப்பா, ஐந்து ஏக்கர் வெள்ளாமை. கடைசியில் மண்முனைப் பாலம்.

அப்பாவின் வரியை எழுதும்போது 2021ஆம் ஆண்டையும் பக்கத்தில் எழுதினேன். அந்த வருடம் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலில் தீங்கான கிருமி இருக்கிறது என்று இங்குள்ள ஆய்வாளர்கள் சொன்னார்கள். கப்பலை இறக்கவில்லை. ஆனாலும் அந்தக் கம்பனிக்கு ஆறு மில்லியன் டொலருக்கு மேல் கட்ட வேண்டி வந்தது. அடுத்த வருடம் இந்தியா கடனுக்கு 65,000 தொன் யூரியா தந்தது. இந்த ஒன்றரை வருடமும் அப்பா வரம்பில் நின்று மஞ்சளித்த பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெல்லியிலும் பெய்ஜிங்கிலும் யார் யாரோடு கதைத்தார்கள் என்பது எங்கள் நெற்கதிரில் தெரிந்தது.

கணக்கு எழுதும்போது அவசரப்பட வேண்டாம். எங்கள் எட்டுப் பேரில் ஒருவர், “எனக்கு வெளிநாட்டோட ஒண்டுமில்ல” என்றுதான் தொடங்கினார். முடிக்கும்போது அவர் பக்கத்தில் ஏழு வரி இருந்தது.

பிறகு தாளை எடுங்கள்

முக்கிய வேட்பாளர்களின் விஞ்ஞாபனங்கள் ஓகஸ்ட் கடைசியில் வந்துவிட்டன. தமிழிலும் கிடைக்கின்றன. போனில் வாசித்தால் கண் வலிக்கும், பிறகு ஒன்றும் நினைவில் நிற்காது. வெளிநாட்டு அலுவல்கள் என்ற அத்தியாயத்தை மட்டும் அச்செடுங்கள். அப்புறம் தொழில், பெண்கள், விவசாயம், துறைமுகம், கடன் பற்றிய பக்கங்களையும் எடுங்கள். எங்களைத் தொடும் விசயங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெளிநாட்டு அலுவல் என்ற தலைப்புக்குக் கீழே அணிசேராமை, இந்து சமுத்திரம், பரஸ்பர மரியாதை என்று எழுதியிருப்பார்கள். கட்டாரில் வேலை செய்யும் தங்கச்சி வேறு ஒரு பக்கத்தின் மூலையில் இருப்பாள்.

ஒரு சிவப்புப் பேனாவும் ஒரு நீலப் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வினைச்சொல்லை மட்டும் பாருங்கள். வலுப்படுத்துவோம், மேம்படுத்துவோம், கவனம் செலுத்துவோம், ஊக்குவிப்போம் என்று வந்தால் சிவப்பு. கையெழுத்திடுவோம், பாராளுமன்றத்தில் முன்வைப்போம், சட்டம் கொண்டுவருவோம், நியமிப்போம் என்று வந்தால் நீலம். நீலக் கோடு விழுந்த வரியை நாளைக்குப் பிடித்துக் கேட்கலாம். ‘வலுப்படுத்துவோம்’ என்றவரிடம் ஐந்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால், வலுப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம் என்பார்.

சிங்களம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் கூட்டத்தில் வாழைச்சேனையில் பிறந்து வளர்ந்த ஒரு மாமி இருக்கிறார், சிங்களம் நன்றாக வாசிப்பார். ஒவ்வொரு பந்தியையும் சிங்களத்தில் வாசித்து, தமிழில் இருப்பது சரிதானா என்று பார்த்தார். இந்தச் சின்ன வேலையை எவரும் செய்யலாம், ஒருவரும் செய்வதில்லை.

ஒரு பாலமும் ஒரு துறைமுகமும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருப்பவர்களுக்குப் ‘பாதை’ என்றால் நடக்கிற வழி. மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரரான எங்களுக்கு அது வாவியைக் கடக்கும் மிதவை. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் மண்முனைத்துறையில் பாதைக்காகக் காத்து நின்றே கணக்குப் பாடம் முடித்தேன். பாதையில் சைக்கிள், நெல் மூட்டை, கோழிக் கூடை, ஆசுபத்திரிக்குப் போகிற கர்ப்பிணி எல்லாம் ஒன்றாய்ப் போகும். இருட்டினால் பாதை இல்லை. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளைக்கு இராத்திரி பாம்பு கடித்தது. விடியுமட்டும் துறையில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அந்தப் பிள்ளை பிழைத்தது கடவுள் செயல்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தார்கள். ஜப்பான் நன்கொடையாகத் தந்த காசில் கட்டியது, திருப்பிக் கட்டத் தேவையில்லை. இன்றைக்கு இராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஒரு ஓட்டோ பிடித்தால் மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குப் போய்ச் சேரலாம்.

இப்போது தெற்கே போங்கள். அம்பாறை மாவட்டத்தில் ஒலுவில். அங்கே டென்மார்க்கின் 46 மில்லியன் யூரோ அளவிலான வட்டியில்லாக் கடனில் துறைமுகம் கட்டி 2013இல் திறந்தார்கள். வட்டி இல்லாவிட்டாலும் முதல் கட்ட வேண்டும். நிந்தவூரிலிருந்து என் கடைக்கு வரும் ஒரு ராத்தா இருக்கிறார், மகள் கொக்கட்டிச்சோலைப் பாடசாலையில் ரீச்சர். போன வருடம் அவரோடு போய் ஒலுவில் கரையைப் பார்த்தேன். தென்னைகள் வேரோடு கடலைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தன. மண் அரித்துப் போன இடத்தில் வேர்கள் பின்னல் அவிழ்ந்த மயிர் மாதிரித் தொங்கின. ராத்தா ஒரு இடத்தைக் காட்டி, “இதிலதான் புள்ள எங்கட வாப்பாட தோட்டம்” என்றார். அவர் விரல் நீட்டிய இடத்தில் தண்ணீர் நின்றது. இந்தப் பக்கம் கரை கரைந்து போகிறது, அந்தப் பக்கம் துறைமுக வாயை மண் மூடி வள்ளங்கள் உள்ளே வர முடியாமல் நிற்கின்றன. கடலில் மண் தெற்கிலிருந்து வடக்கே நகரும் கரை இது. நடுவில் அலைதாங்கியைப் போட்டதும் மண் ஒரு பக்கத்தில் தேங்கி மறுபக்கம் பட்டினி கிடந்தது.

இரண்டும் வெளிநாட்டு உதவி, இரண்டும் நல்ல நாடுகள் தந்தவை. அதனால் விஞ்ஞாபனத்தில் ‘வெளிநாட்டு முதலீட்டுடன் கிழக்கை அபிவிருத்தி செய்வோம்’ என்ற வரியைக் கண்டால் பக்கத்தில் நான்கு சொல் எழுதுங்கள்: நன்கொடையா? கடனா? குத்தகையா? ஆய்வு? அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்கு ஒரு சீனக் கம்பனியிடம் போனது எல்லோருக்கும் தெரியும். அதனால் குத்தகையா என்ற கேள்வி எல்லோர் வாயிலும் வருகிறது. ஆய்வைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சுற்றாடல் ஆய்வைச் செய்தது யார், அதைத் தமிழில் கரையோரச் சனங்களுக்கு வாசித்துக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். ஒலுவில்காரருக்கு அதைக் கேட்க அன்று ஒரு இடம் கிடைத்திருந்தால் அந்தத் தோட்டம் இருந்திருக்கலாம்.

நாட்டின் கடனும் இதற்குள் வரும். 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்ததும் ஜப்பான் கடனில் நடந்த வேலைகள் அப்படியே நின்றன. 2024 ஜூனில் ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமையிலான கடன்தந்த நாடுகளோடு உடன்பாடு வந்த பிறகுதான் ஜூலையில் ஜப்பான் மறுபடி தொடங்கியது. சர்வதேச நாணய நிதியத்தோடு மறுபடி பேசுவேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால், பேசும் காலத்தில் எந்த வேலை நிற்கும், எது நிற்காது என்று கேட்பதில் தப்பில்லை.

அம்மாவின் படிவம்

அம்மா 1988இல் குவைத்துக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. 1990 ஜூனில் இங்கே மறுபடி சண்டை தொடங்கியது. ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் இராணுவம் குவைத்துக்குள் போனது. அம்மாவிடமிருந்து கடிதம் இல்லை, எங்களிடமிருந்தும் போகவில்லை. அங்கே அவர் நாங்கள் செத்துப்போய்விட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இங்கே நாங்களும் அம்மாவைப் பற்றி அப்படித்தான் நினைத்தோம். வேலை செய்த வீட்டுக்காரர் ஓடிவிட்டார்கள். கடவுச்சீட்டு அவர்களிடம். அம்மா வேறு சில இலங்கைப் பெண்களோடு ஈராக்கைக் கடந்து ஜோர்தான் எல்லைக்குப் போய், பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, ஒருவழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து ஊருக்கு வர இன்னும் பல கிழமை சென்றது.

இதில் நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது. ஐக்கிய நாடுகள் சபை 1991இல் ஒரு நட்டஈட்டு ஆணைக்குழுவை அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் விற்ற காசிலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு. குவைத்தை விட்டு வெளியேற வேண்டி வந்த ஒருவருக்கு 2,500 டொலர். வேறு வகையில் கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் 4,000 டொலர். ஆனால் தனி ஆள் நேரே கேட்க முடியாது, அரசாங்கம்தான் படிவங்களைச் சேர்த்து அனுப்ப வேண்டும். இலங்கை அரசாங்கம் அனுப்பியது. வீட்டு வேலைக்குப் போன பெண்களின் படிவங்களையும் சேர்த்துத்தான்.

அம்மா ஜோர்தானில் கொடுத்த பயணத் தாளை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்திருந்தார். நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து, பேன்டேஜ் ஒட்டிய தாள். அதுதான் சாட்சி. எங்கள் ஊர்ச் சேர் ஒருவர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். வருடங்கள் கழித்துக் காசு வந்தது. ஈட்டில் கிடந்த இரண்டு ஏக்கர் வயலை மீட்டோம், கிணறு கட்டினோம். நான் இன்றைக்குப் படிவம் நிரப்பும் தொழில் செய்வதற்கும் அந்தச் சேர்தான் காரணம்.

அதனால் எனக்கு வெளிநாட்டுக் கொள்கை என்றால் உச்சி மாநாட்டுப் படம் நினைவுக்கு வருவதில்லை. கொக்கட்டிச்சோலைப் பெண்ணின் கிழிந்த தாளை ஜெனீவா வரைக்கும் கொண்டுபோகும் ஒரு அரசாங்க ஊழியர்தான் நினைவுக்கு வருகிறார். அப்படியான வேலையை இந்த நாடு ஒரு தடவை செய்தது. மறுபடியும் செய்யும் என்று நம்ப எனக்கு அது போதும்.

வளைகுடாவுக்குப் போனவர்களுக்காகக் கேட்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து நம் ஆட்கள் அனுப்பிய காசு 2022இல் நான்கு பில்லியன் டொலருக்கும் கீழே விழுந்தது, 2023இல் ஆறு பில்லியன் அளவுக்கு ஏறியது. விழுந்த காலத்தில் வங்கி ஒரு விலைக்கும், வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரர் அதைவிட நல்ல விலைக்கும் டொலரை எடுத்தார்கள், அதனால் சனம் உண்டியலுக்குப் போனது. நாடு எழும்பியதில் இந்தப் பெண்களின் கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் தேர்தல் நாளில் கட்டாரிலிருக்கும் என் தங்கச்சிக்கு வாக்கு இல்லை. அங்கிருந்து வாக்களிக்க வழி செய்வீர்களா, எந்த வருடத்துக்குள்? இது முதல் கேள்வி.

இரண்டாவது, வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சமவாயம். 2011இல் நிறைவேற்றிய 189ஆம் இலக்கம். வேலை நேரம், ஓய்வு நாள், கடவுச்சீட்டைத் தன்னிடமே வைத்திருக்கும் உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. இதை எழுதும் 2024 வரை இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. புலம்பெயர் தொழிலாளர் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 1996இலேயே ஏற்ற நாடு இது, அதனால் இதையும் ஏற்கலாம். ஆனால் இங்கே வீட்டு வேலை செய்பவருக்கும் அதே உரிமையைக் கொடுக்க வேண்டி வரும். கொழும்பில் பெரிய வீடுகளில் இருப்பவர்களுக்கு அது கசக்கும். அதனால்தான் இந்தக் கேள்விக்கு ஒரு வேட்பாளர் தரும் பதில் அவரைப் பற்றி நிறையச் சொல்லும்.

மூன்றாவது, கைதானால் யார் வருவார்? 1963ஆம் ஆண்டு வியன்னாச் சமவாயத்தின்படி, வேறு நாட்டில் பிடிபட்டவர் தன் தூதரகத்துக்கு அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கை நாங்கள் மறக்கவில்லை. 2005இல் கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிச் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அவள் புட்டிப்பால் கொடுத்த வீட்டுக்காரரின் குழந்தை இறந்தது, அவள்தான் கொன்றாள் என்றார்கள். முதல் விசாரணையில் அவளுக்கு வழக்கறிஞர் இல்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் மரண தண்டனை நிறைவேறியது. அதற்குப் பிறகு கொழும்பு தூதுவரைத் திருப்பி அழைத்தது. அவள் உயிரோடு இருந்தபோது, முதல் நாளே ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஒரு சட்டத்தரணியும் போயிருக்க வேண்டும். தமிழ் தெரிந்த அலுவலர் ஒவ்வொரு வளைகுடாத் தூதரகத்திலும் இருபத்துநாலு மணி நேரமும் இருப்பாரா என்று கேளுங்கள். ‘இருப்பார்’ என்றால் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

2013இல் கொண்டு வந்த குடும்பப் பின்னணி அறிக்கையும் இந்தப் பக்கத்தில்தான் வரும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்றார்கள். அந்தப் படிவத்தை எத்தனை பேருக்கு நிரப்பிக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. போக வேண்டியவர் எப்படியும் போனார். சுற்றுலா விசாவில், பதிவில்லாமல் போனார். பதிவில்லாமல் போனவர் பிரச்சினைப்பட்டால் எந்த அலுவலகக் கொப்பியிலும் பெயர் இராது. 2022இல் அதைத் தளர்த்தினார்கள். தாய்க்குப் போடும் பூட்டு தகப்பனுக்கு இல்லை என்பதைப் பற்றி ஒரு வேட்பாளர் என்ன சொல்கிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் வேட்பாளர்

எனக்கு ஜே.வி.பி. என்ற மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கவின் மேல் நம்பிக்கை இருக்கிறது. எங்கள் ஊரில் இதைச் சொல்வது லேசு இல்லை. அப்பாவிடம் சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை எடுத்து, “ஜே.வி.பி.யாகா?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தை அந்தக் கட்சி ஆயுதத்தோடு எதிர்த்தது. 80களின் கடைசியில் இந்தியப் பொருட்களைப் புறக்கணிக்கச் சொன்னது. 2006இல், இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போனவர்களும் அவர்கள்தான். ஒரு கட்சியின் வெளிநாட்டுக் கொள்கையை வாசிக்கும்போது பழைய பக்கங்களையும் வாசிக்க வேண்டும். நான் வாசித்தேன்.

ஆனால் 2024 பெப்ரவரியில் அதே கட்சியின் தலைவர் இந்திய அரசாங்கத்தின் அழைப்பில் டெல்லிக்குப் போனார், வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரைச் சந்தித்தார். மார்ச்சில் கனடாவுக்குப் போனார், பிறகு இங்கிலாந்துக்கும் போனார். நமது நிலம், கடல், வானம் பிராந்தியத்தில் யாருக்கும் எதிராகப் பயன்பட விடமாட்டோம் என்கிறார். நாற்பது வருடம் ஒரு பக்கம் பார்த்து நின்றவர் திரும்பிப் பார்க்கிறார். எதிரி என்று சொன்ன நாட்டோடு உட்கார்ந்து கதைக்க முடிந்தவர், எங்களோடும் உட்கார்ந்து கதைப்பார் என்பது என் நம்பிக்கை. வெளிநாட்டில் பழகும் விதமும் வீட்டில் பழகும் விதமும் வெகு காலம் வேறு வேறாக இருக்காது.

நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் கேள்வி கூட இருக்க வேண்டும். 1987 ஒப்பந்தத்தின் வழி வந்த, மாகாண சபைகளைத் தந்த 13ஆம் திருத்தம் இன்னும் சட்டத்தில் இருக்கிறது. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரோடு முடிந்தது. 2024 வரை ஏழு வருடமாக அதற்குத் தேர்தல் இல்லை. டெல்லியில் இதைப் பற்றி என்ன கதைத்தீர்கள் என்று அவருடைய ஆட்களிடம் கேட்டோம். அதைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்குப் போடப் போகிறார்கள். அவருக்காகக் கேட்பவர்கள் அதைச் சர்வதேசத்துக்குச் சொல்லும் செய்தி என்றே கேட்கிறார்கள், அதனால் அதுவும் வெளிநாட்டுக் கொள்கைக்கான வாக்குத்தான். அவர்களிடமும் இதே கொப்பியை நீட்டினோம்: செய்தி யாருக்கு, அது கிடைத்ததும் அவர்கள் செய்ய வேண்டியது என்ன? சஜித் பிரேமதாசவுக்குப் போடும் இருவரும் ரணில் விக்கிரமசிங்கவுக்குப் போடும் ஒருவரும் தங்கள் தங்கள் தாளில் கோடு போட்டுத்தான் வந்தார்கள். சண்டை வரவில்லை, தேத்தண்ணிதான் இரண்டு தடவை ஊற்ற வேண்டி வந்தது.

நம் உடுப்புகளுக்கு ஐரோப்பா தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச் சலுகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010இல் பறித்தார்கள், 2017இல் திரும்பத் தந்தார்கள். மனித உரிமைச் சமவாயங்களை மதித்தால்தான் அந்தச் சலுகை. அதனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை என்ன செய்வார் என்ற கேள்விக்கும், விடிய நாலு மணிக்குக் கார்மென்ட்ஸ் பஸ் ஏறும் அண்ணன் மகளின் சம்பளத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

கேள்வியைக் கேட்கும் விதம்

பெரிய மேடைக் கூட்டத்தில் கேட்க முடியாது. வீட்டு முற்றத்தில் வைக்கும் பொக்கட் மீட்டிங்தான் சரியான இடம். கேள்வியைத் தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். முதல் வரியில் நீங்கள் யார், இரண்டாம் வரியில் நடந்தது, மூன்றாம் வரியில் என்ன செய்வீர்கள், எப்போது. முன்னுரை சொல்லத் தொடங்கினால் ஒலிவாங்கி கை மாறிவிடும்.

நான் கொண்டு போன தாளில் இருந்தது இது: ‘நான் வெளிநாடு போகும் பெண்களுக்குப் படிவம் நிரப்புகிறேன். போன வருடம் ஒரு பிள்ளை இராத்திரி குளியலறைக்குள் இருந்து எனக்கு அழைத்தாள், நான் நம் தூதரகத்துக்கு எடுத்தேன், யாரும் எடுக்கவில்லை. உங்கள் ஜனாதிபதி வந்தால் எத்தனை மாதத்தில் அந்தப் போனை ஒருவர் தமிழில் எடுப்பார்?’

எந்த நாடு, எந்தத் தூதரகம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். அன்று அவள் குரல் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளால் வந்தது. வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்து விட்டிருந்தாள்.

கூட்டத்துக்கு வந்திருந்த அமைப்பாளர் இளம் ஆள். முதலில் பொதுவாகச் சொல்லத் தொடங்கினார். பிறகு தாளை வாங்கி மறுபடி வாசித்தார். “அக்கா, மாதம் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. இந்தத் தாளை மேலே கொடுக்கிறேன்” என்று பிரதியில் கையெழுத்துப் போட்டு, திகதி எழுதித் தந்தார். மாகாண சபைக் கேள்விக்குத் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை, அதையும் அப்படியே கொப்பியில் எழுதி வைத்தோம். பிரதியில் கையெழுத்து வாங்குவதை மட்டும் மறக்க வேண்டாம்.

வாக்குச் சீட்டில் 1, 2, 3 என்று மூன்று விருப்பு வரை போடலாம். ஒருவரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பைப் பார்ப்பார்கள். இந்த முறை மும்முனைப் போட்டி என்பதால் உங்கள் 2க்கும் உயிர் இருக்கிறது. கொப்பியில் யாருக்கு அதிக நீலக் கோடு, அடுத்தவர் யார் என்று பார்த்துப் போடுங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் புள்ளடியையும் சேர்த்துப் போட்டுச் சீட்டைக் கெடுத்துவிட வேண்டாம்.

தேர்தல் முடிந்தாலும் கொப்பியை எறிய வேண்டாம். நான் அந்தத் தூதரக இலக்கத்தை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே நாலு கோடு. புதிய ஜனாதிபதி வந்து முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம். ஒவ்வொரு தடவையும் இங்கே இராத்திரி பன்னிரண்டரைக்கு, அங்கே பத்து மணிக்கு, கடைப் போனிலிருந்து எடுப்பேன். எத்தனை தடவை மணி அடித்தது, யார் எடுத்தார், எந்த மொழியில் கதைத்தார் என்று எழுதுவேன். நேற்று இராத்திரி ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன், கணக்குத் தொடங்க ஒரு எண் வேண்டுமே. 23 தடவை அடித்து நின்றது. அதை முதல் கோட்டுக்கு மேலே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.